பூட்டுப் போடும் கடையும் ஒரு ராங் நம்பரும்

செல்போன் கடைக்கு ஜனங்கள் போன் கெட்டுவிட்டது என்று வந்த காலம் போய், பிள்ளை கெட்டுவிடுமோ என்று வரத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்தச் சில வருடங்களில் நான் கேட்டதையும் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இதில் ஒரு கதையை நானே வெகுநாளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு சின்னக் கடை. டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜர் விற்பது, ரீசார்ஜ் செய்வது என்றுதான் ஆரம்பித்தேன். ஆன்லைன் வகுப்பு வந்தது, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கைக்குப் போன் போனது. அதன் பின்னாலேயே அப்பாக்களும் அம்மாக்களும் என் கடைக்கு வந்தார்கள். “சார், இதுக்கு ஒரு பூட்டு போட்டுக் குடுங்க” என்றார்கள். வயதுக்குத் தகாததை மறைப்பது, தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாமல் செய்வது, விளையாட நேரம் குறிப்பது எல்லாவற்றையும் நானும் கற்றுக்கொண்டேன். இதைப் படிக்கிற நீங்களும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். பாத்ரூமுக்குள் போனோடு போன பிள்ளை வெளியே வராமல், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இருமிப் பார்த்திருப்பீர்கள். எனக்கும் அந்த இருமல் உண்டு.

நான் சந்தேகப்படும் கதை பொதட்டூர்பேட்டை சரளாம்மா சொன்னது. சந்தேகப்பட்டுக்கொண்டே அதைக் கடைக்கு வரும் பெற்றோர்களுக்கெல்லாம் சொல்லியும் வந்திருக்கிறேன். கேட்டவர்களில் சிலர் வீட்டுக்குப் போய் அப்படியே செய்துபார்த்திருக்கிறார்கள். அந்தக் கதை பொய் என்றால், இத்தனை பேருடைய பிள்ளைகள் விஷயத்தில் நான் கொடுத்தது மருந்தா, வெறும் தண்ணீரா? கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது இந்தக் கேள்வி அடிக்கடி கூடவே வரும்.

எல்லார் வீட்டிலும் வேல்

ஜோதி நகரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, மகனைக் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பையன் ஏழாம் வகுப்பு. “நான் எப்படிக் கோடு போட்டுப் பூட்டினாலும் தொறந்துடறான் சார். எனக்குத் தெரியாம யார் யார்கிட்டயோ பேசிகினு விளையாடறான். உங்க போன்ல ஏதோ கோளாறு” என்றார். போன் என்னுடையது அல்ல. ஆனால் இந்தத் தொழிலில் உலகத்தில் உள்ள எல்லாப் போனுக்கும் நான்தான் பொறுப்பு.

“உங்க கோட்டைப் போட்டுக் காட்டுங்க” என்றேன். அவர் மகனுக்கும் எனக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, முந்தானையால் போனை மூடி, ரகசியமாகப் போட்டார். அவர் முழங்கை போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கீழிருந்து மேலே ஒரு கோடு, இடது பக்கம் ஒரு சாய்வு, உச்சி, வலது பக்கம் இறக்கம். வேல். எங்கள் ஊரில் ஒன்பது புள்ளியைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் வேல்தான் போடுவார்கள். என் போனிலும் அதுதான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வேறு ஏதாவது வடிவம் போடலாமே என்றேன். மனசு ஒப்பவில்லை என்றார். அவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையனிடம், “எப்படிடா கண்டுபிடிக்கிற?” என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் பயப்படாமல் சொன்னான்: “எங்க கிளாஸ்ல யார் வீட்டுப் போனை எடுத்தாலும் வேல்தான் அங்கிள். ஜான்சன் வீட்ல மட்டும் தொறக்கல. அப்புறம் சிலுவை போட்டோம், தொறந்துகிச்சி.”

சரளாம்மா சொன்னது

சரளாம்மாவுக்கு வீட்டோடு சேர்ந்தாற்போல் விசைத்தறி. அவரும் கணவரும் லுங்கி நெய்கிறவர்கள். மகள் கீர்த்தனா அப்போது ஒன்பதாம் வகுப்பு. வகுப்புக்காக வாங்கிக் கொடுத்த போனுக்குப் பூட்டு போட வேண்டும் என்று ஒருநாள் வந்தார். எனக்குத் தெரிந்த பூட்டையெல்லாம் போட்டுக் கொடுத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் வந்து நின்றார்கள். கீர்த்தனா நன்றாகப் படம் வரைவாள். படம் வரைகிற பிள்ளைகள் கூடும் ஒரு குழுவில் போடுவாள். அங்கே, சித்தூரில் இருக்கும் தன் வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் பழகியிருக்கிறது. முதலில் படத்தைப் புகழ்ந்தது. பிறகு உன் முகம் பார்க்கணும் என்றது. இவள் பள்ளிச் சீருடையில் ஒரு போட்டோ அனுப்பினாள். அதற்கப்புறம் வேறு மாதிரிப் போட்டோ கேட்டது. அனுப்பாவிட்டால் இதுவரை பேசியதையெல்லாம் உன் அப்பாவுக்கு அனுப்புவேன் என்றது. நான் போட்ட பூட்டு எல்லாம் அப்படியே இருந்தது. அந்த ஆள், நான் பூட்டு போடுவதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டிருந்தான். நானே உட்கார்ந்து இணையத்தில் போலீஸ் புகாரைப் பதிவு செய்து கொடுத்தேன். மெசேஜ் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. அந்தக் கணக்கும் சீக்கிரமே மூடப்பட்டது. கீர்த்தனாவின் அப்பா அதிகம் பேசாதவர். நான் பதிவு செய்து முடிக்கும்வரை மகளுடைய புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டே நின்றார்.

அடுத்த வாரம் சரளாம்மா மட்டும் வந்தார். அந்தப் பெண் எப்படி வாயைத் திறந்தாள் என்று கேட்டேன். ஏனென்றால், போனில் ஏதாவது வம்பு வந்தால் போனை உடைத்துப் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிடுவேன் என்று அவள் அப்பா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாராம். அந்த வார்த்தைதான் அவள் வாயைக் கட்டியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாளாம். பென்சிலையே தொடவில்லையாம். எத்தனை முறை கேட்டாலும் “ஒண்ணும் இல்லம்மா”தானாம். சரளாம்மா சொன்னார்: “அந்த நேரம் பாத்து எனக்கே ஒரு தொல்லைண்ணா. எவனோ ராங் நம்பர். மத்தியானம் ஆனா போதும், கூப்ட்டு ‘சாப்டீங்களா’ன்னு கேக்கறான். இவளைப் பக்கத்துல உக்கார வெச்சி, ‘கண்ணு, எனக்கு இப்படி ஒருத்தன் தொல்லை குடுக்கறான், உங்கப்பாகிட்ட சொன்னா என் போனை உடைச்சிடுவாரு, எனக்கு பயமா கீது, இன்னா பண்றதுன்னு நீ சொல்லு’ன்னேன். அவ டீச்சராட்டம் நிமிந்து உக்காந்து, ‘பதில் பேசாதம்மா, நம்பரை அழிக்காத, அப்பாகிட்ட நான் வந்து சொல்றேன், இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல’ன்னா. உன் தப்பு இல்லன்னு சொன்னாளே, சொன்ன வாய் மூடல, அழ ஆரம்பிச்சிட்டா. எழுந்து போயி அவ போனை எடுத்தாந்து என் மடியில வெச்சிட்டா.” அதற்கப்புறம் சரளாம்மா கணவரிடம் பேசியிருக்கிறார். போனை உடைத்தால் இனி அவள் எதையுமே சொல்லமாட்டாள் என்று சொல்லியிருக்கிறார். போன் உடையவில்லை. பள்ளிக்கூடமும் நிற்கவில்லை.

மகளுக்கு வந்த ஆபத்து உண்மை. புகார் என் கையால் போனது. எனக்குச் சந்தேகம் அந்த ராங் நம்பர் ஆள் மேல்தான். வேண்டிய நேரத்தில் வந்தான், வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் போய்விட்டான். என் கடை அனுபவத்தில் அந்த மாதிரி ஆட்கள் அவ்வளவு மரியாதையாகப் போவதில்லை. அந்த எண்ணைத் தடுத்துக் கொடுங்கள் என்றும் சரளாம்மா என்னைக் கேட்கவில்லை. அந்த ஆளைப் பற்றி நானாவது அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. அவர் வந்த வேலையே வேறாக இருந்தது. “அந்தப் பூட்டையெல்லாம் எடுத்துடுங்கண்ணா” என்றார். வயதுக்குத் தகாததை மறைக்கிறதாவது இருக்கட்டும் என்று அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். போகும்போது திரும்பி நின்று சொன்னார்: “பூட்டு எதுக்குங்கண்ணா? இப்ப ஒண்ணு விடாம அவளே எல்லாத்தையும் சொல்லிகினு கீறா. கேக்கத்தான் எனக்கு நேரம் இல்ல.”

போன் சொன்ன சாயல்

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு பயிரிடுகிறவர் கோவிந்தசாமி. வேண்டுதலுக்கு அவரும் மகன் தினேஷும் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனம் காயாமல், மனைவியோடு மலையிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தார்கள். தினேஷ் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுடைய போனில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுகிற ஒரு விளையாட்டு. அதில் யார் யாரோ பேசுவார்கள். முந்தின நாள் ஒரு குரல், உங்கள் வீடு எந்த ஊர், அப்பா எப்போது வீட்டில் இருக்கமாட்டார் என்று கேட்டிருக்கிறது. பையன் அதையும் அப்பாவிடமே போய், “நைனா, நீ எப்ப வீட்ல இருக்க மாட்ட?” என்று கேட்டிருக்கிறான். அதனால்தான் விஷயம் வெளியே வந்தது.

விளையாட்டில் அந்நியர் பேசுவதை முதலில் நிறுத்தினேன். போனையே பூட்டிக் கொடுங்கள் என்றார் கோவிந்தசாமி. நம்பர் மறந்துபோகுமாம், முகத்தைக் காட்டினால் திறக்கிற பூட்டுதான் வேண்டுமாம். மலிவான போன். அதை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கேட்கிறாரே என்று மொட்டைத் தலையோடு அவர் முகத்தைப் பதிவு செய்து கொடுத்தேன். அவர் போனைப் பையில் வைப்பதற்குள் தினேஷ் வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தான். “நைனா, தொறந்துகிச்சி!” என்றான். எனக்கு என் தொழிலை நினைத்தே வெட்கமாகப் போய்விட்டது. அவர் பிறகு ஒருநாள், தலையில் முடி முளைத்தபின் வந்து நம்பர் பூட்டு போட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கோவிந்தசாமியின் முகமோ மலர்ந்துவிட்டது. பிரசாதப் பையோடு நின்ற மனைவி பக்கம் திரும்பிக் கடையே அதிரச் சொன்னார்: “பாத்தியா! உங்க அம்மா வீட்ல இத்தினி வருஷமா புள்ள எங்க சாயல், எங்க சாயல்னு சொல்லிகினு இருந்தாங்களே, இப்ப போனே சொல்லிடுச்சி பாரு. சார், இந்தப் பூட்டை மாத்தாதீங்க, நேரா மாமியார் வீட்டுக்குப் போயி காட்டிட்டு வந்துடறேன்.”

மின்கம்பத்தில் இருந்த ரகசியம்

ஆட்டோ ஓட்டும் பாலாஜி ஒருநாள் பதறிக்கொண்டு வந்தார். யாரோ தன்னுடைய மகள் தன்யஸ்ரீயின் கணக்குக்குள் புகுந்து, அவள் பேசுகிற மாதிரி அவள் தோழிகளுக்கெல்லாம் மெசேஜ் அனுப்புகிறான் என்றார். கணக்கை மீட்டுக் கொடுத்தேன். பழைய பாஸ்வேர்டு என்னவென்று கேட்டபோது, சாலையில் போகிறவர்கள் கேட்டுவிடப் போகிறார்கள் என்று என் காதருகே குனிந்து சொன்னார். மகள் பெயர், அதோடு பிறந்த தேதி, மாதம், வருடம்.

அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து எதிர்ப்பக்க மின்கம்பத்தைக் காட்டினேன். ஆள் உயரத்துக்கு ஒரு பிறந்தநாள் பேனர். தலையில் கிரீடத்தோடு தன்யஸ்ரீ. கீழே அவள் பெயர். அதன் கீழே பிறந்த தேதி, மாதம், வருடம், படிக்கும் பள்ளி. இன்னும் கீழே ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் அத்தனை பேரின் முகமும். நாம் காதில் குனிந்து சொல்வதையெல்லாம் கம்பத்திலும் கட்டிவைக்கிறோம். நானும் என் மகன் வாங்கிய மதிப்பெண் பட்டியலைப் பள்ளிப் பெயரோடு ஊருக்கெல்லாம் அனுப்பியவன்தான். அதனால் புத்தி சொல்லத் தயக்கமாக இருந்தது. பாலாஜி வெகுநேரம் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். தவறு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் அவர் சொன்னார்: “சரி சார், அடுத்த வருஷம் தேதியை மட்டும் தப்பாப் போட்டுடறேன். பாப்பா போட்டோ சூப்பரா வந்துகீது, அதுல கை வைக்க முடியாது.”

மணவூரில் ஊற்றிக்கொண்ட கதை

மணவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. பள்ளியை ஒட்டியே ரயில் பாதை வேறு. ஒரு ரயில் போய் முடிவதற்குக் காத்திருப்பேன், பேச வாயெடுத்தால் அடுத்தது வந்துவிடும். பிள்ளைகளின் சொந்தப் பெயர், பள்ளி, வீட்டு விலாசம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொன்னேன். தெரியாதவன் மிரட்டினால் அழிக்காமல் வைத்துப் புகார் கொடுங்கள் என்றேன். உண்மையைச் சொன்ன பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அடுத்த தடவை வாயைத் திறக்காது என்றேன். கடைசியாகச் சரளாம்மா கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். முதலில் உங்கள் தொல்லை ஒன்றை அவர்களிடம் சொல்லி யோசனை கேளுங்கள், அவர்கள் தொல்லை தானாக வெளியே வரும் என்றேன்.

பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். பெயர் அம்சா. வயல் வேலைக்குப் போகிறவர், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகன். “எனக்கு அந்த மாதிரித் தொல்லை ஒண்ணும் வரலியே சார். நானே ஒண்ணு உண்டாக்கிக்கலாமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சந்தேகத்தை இந்த அம்மா எழுந்து நின்று கேட்டுவிட்டது போல் இருந்தது. “கூடாதும்மா, உண்மையைத்தான் சொல்லணும்” என்று தேவைக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னேன். அந்த உரிமை எனக்கு இருக்கிறதா என்று ரயிலில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

அம்சா நான் சொன்னதைக் கேட்கவில்லை. அடுத்த வாரம் கிருத்திகைக்கு மலைக்கு வந்தவர் கடையில் நுழைந்து விவரம் சொன்னார். யாரோ ஒருத்தன் ‘நீங்க அழகா இருக்கீங்க’ என்று மெசேஜ் அனுப்புகிறான், என்ன செய்வது என்று மகனிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறார். பையன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “எம்மோவ், உனக்கு எவன் அனுப்புவான்? எதுக்கு இந்தக் கதை விடற?” என்று விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பையனிடம் பயப்படும்படி ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவனுடைய சிநேகிதன் ஒருவனை யாரோ மிரட்டிக்கொண்டிருந்தது அவன் போனில் இருந்தது. அன்றைக்கே அந்தப் பையன் வீட்டுக்குத் தகவல் போய்ப் புகாரும் கொடுத்தாயிற்று. பொய்யைப் பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிறார்கள், ஆகவே சரளாம்மா சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. பொய்யாகவே இருந்தாலும் பலிக்கிறதே என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருக்க, அம்சா என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: “நீங்க சொன்ன கதை எங்க வீட்ல ஊத்திகிச்சி சார். ஆனா பையன் சிரிச்சிகினே போனை என் கையில குடுத்துட்டான்.”

தறி ஓடும் வீடு

போன மாதம் பொதட்டூர்பேட்டையில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டியிருந்தது. சரளாம்மாவின் கணவருடைய போன் என் கடையில் டிஸ்ப்ளே மாற்றி வெகுநாளாகக் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டில் இருக்கிறார்களா என்று சரளாம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தெருமுனையிலிருந்து மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனால், தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவர் வீட்டு வாசலில் நின்றபோது காலடியில் தரையே அதிர்ந்தது. உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சரளாம்மா ஒரு தறியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். கீர்த்தனா கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் ஒரு புத்தகத்துக்குப் படம் வரைந்து கொடுத்திருப்பதாக முன்பே கேள்விப்பட்டிருந்தேன். இப்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூல் கண்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்த என்னை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. சும்மா, சோதித்துப் பார்க்கிற மாதிரி, அங்கிருந்தே இன்னொரு முறை கூப்பிட்டேன். ஜன்னல் மேல் வைத்திருந்த சரளாம்மாவின் போன் வெளிச்சம் போட்டது, நடுங்கியது, நகர்ந்தது, அடங்கியது. ஒரு கை நீளத்தில் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து, கத்தினார்: “வாங்கண்ணா! போன் பண்ணீங்களா? தறி ஓடறப்ப இடி வுழுந்தாகூட இங்க கேக்காது!”

நான் வெகுநாளாகத் தேடிய பதில் இப்படிச் சத்தமாக வந்து எதிரில் நிற்கும் என்று நினைக்கவில்லை. மத்தியானம் என்றால் இந்தத் தெருவில் தறி நிற்கிற நேரமா? கரன்ட் போயிருக்குமோ? தினமுமா போகும்? ஒருவேளை அவர் போனை இடுப்பில் செருகியிருந்தாரோ? ஆனால் இடுப்பில் இருந்தாலும், எடுத்துக் காதில் வைத்தால் ‘சாப்டீங்களா’ என்று எவன் கேட்டாலும் இந்தச் சத்தத்தில் எப்படி விளங்கும்? கேட்பது சரியா என்றும் யோசித்தேன். அந்த ராங் நம்பரை நம்பித்தானே இந்தப் பெண் அன்றைக்குத் தன் போனை அம்மாவின் மடியில் வைத்தாள். அவள் காதில் விழாமல் கேட்டுவிட வேண்டும். தறிச் சத்தத்தைவிட நல்ல மறைப்பு எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு தடவையும் பாதி மனதோடு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு இன்னும் எத்தனை வருடம் கடையில் உட்கார்ந்திருப்பது?

சரளாம்மாவின் காதருகே குனிந்து, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். முதல் சொல் வெளியே வந்ததும் கரன்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன, எடுத்த குரலை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை, கையில் நூல் கண்டோடு கீர்த்தனா திரும்பிப் பார்த்து அம்மாவைக் காட்டி, எப்போதோ தெரிந்துவைத்திருந்தவள் போலக் கலகலவென்று சிரிக்க, அந்தத் தெருவுக்கே கேட்கும்படி நான் கேட்டு முடித்தது இதுதான்: “ஏம்மா, இடி வுழுந்தாலே கேக்காத வீட்ல, மத்தியானம் மத்தியானம் அந்த ராங் நம்பர் கூப்பிட்டது மட்டும் உங்களுக்கு எப்படிம்மா கேட்டுச்சு?”